ரிஸிக் தெருவின் வழக்கறிஞர் அலுவலகம்

(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



அறநெறியைப் பேசும் விழாவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் வரலாற்றுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். வழக்கும் வாய்மையும் ஒரே கூரையின்கீழ் நெடுநாள் தங்குவதில்லை என்பது ஊரறிந்த கருத்து. ஆனால் நிலத்தையே நம்பி வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவும் இன்று கடைக்கும் தொழிற்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் பெயர்ந்துவிட்டன. உரிமம், வரிக்கணக்கு, ஆய்வாளரின் வருகை, ஆண்டுதோறும் புதுப்பித்தல் என்பவை வீட்டுப் பேச்சில் கலந்துவிட்டன. இத்தகைய அலுவல்களையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு சிறிய அலுவலகம், நூறாண்டுகளுக்கு முன் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் ரிஸிக் தெருவில் இருந்தது. அதன் வழக்கறிஞர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

காந்தியடிகளைப் பற்றிய உரைகள் பெரும்பாலும் ஒரு ரயில் நிலையத்தில் தொடங்கி உப்பு அள்ளும் கடற்கரையில் முடிகின்றன. இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் கட்டணம் பெற்று வழக்காடிய தொழில்முறை வழக்கறிஞர் என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்த ஆண்டுகளில் அவர் மேசைக்கு வந்தவற்றுள் கணிசமானவை கொலை வழக்கோ பெரும் சொத்து வழக்கோ அல்ல. கடை உரிமம், நுழைவு அனுமதிச் சீட்டு, சுங்கத் தீர்வை, நகராட்சி இழப்பீடு ஆகியவையே.

1893-ஆம் ஆண்டு மே மாதம் அவர் டர்பன் துறைமுகத்தில் இறங்கியது தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காக. 40,000 பவுன் கேட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கு அது. வாதியும் பிரதிவாதியும் ஒரே ஊர்க்காரர், உறவினர். வழக்கறிஞர் கட்டணம் இரு பக்கத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது. இளம் வழக்கறிஞர் கணக்கேடுகளை வரிவரியாகப் படித்துத் தேர்ந்தபின், இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கவைத்தார். தீர்ப்பு தாதா அப்துல்லாவின் பக்கம் வந்தது: 37,000 பவுனும் செலவும். முழுத்தொகையையும் உடனே கட்ட வேண்டியிருந்தால் தோற்றவர் நொடித்துப் போயிருப்பார். வென்றவரை இணங்கவைத்து நீண்ட தவணைகள் பெற்றுத் தந்ததுதான் வழக்கை வென்றதைவிடக் கடினமாக இருந்ததாம். அன்று தொடங்கி, சமரசமே தம் தொழிலின் பெரும்பகுதியாக இருந்தது என்று அவர் தம் சுயசரிதத்தில் பதிவு செய்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு சமணப் பெரியாரை நினைக்காமல் கடக்க இயலாது. இங்கிலாந்திலிருந்து 1891-இல் திரும்பிய காந்தியடிகள் பம்பாயில் சந்தித்த ராய்சந்த்பாய், அதாவது ஸ்ரீமத் ராஜசந்திரர், முத்தும் வைரமும் விற்கும் வணிகர். லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல். பேரம் முடிந்த மறுகணமே மேசையிலுள்ள ஆன்மிக நூலையோ நாட்குறிப்பையோ திறந்துவிடுவார். கடையும் தியானமும் வேறு வேறு அறைகளில் இருக்க வேண்டியதில்லை என்பதை இளம் வழக்கறிஞர் கண்ணால் கண்டது அங்கேதான். 1894-இல், சமய ஐயங்கள் மிகுந்திருந்த காலத்தில், தென்னாப்பிரிக்காவிலிருந்து 27 கேள்விகளை அவருக்கே எழுதியனுப்பி விடை பெற்றார். அதே ஆண்டில்தான் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் அட்வகேட்டாகப் பதிவு பெற்று டர்பனில் தொழில் தொடங்கினார். வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தும் நீதிமன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஏறத்தாழ இருபது வணிகர்கள் ஓராண்டுக் கட்டணத்தை முன்னதாகத் தந்து அவரைத் தங்கள் வழக்கறிஞராக அமர்த்திக்கொண்டனர்.

வணிகர்களின் வழக்கறிஞர் என்ற அந்தச் சட்டகத்தை முதலில் உடைத்தவர் ஒரு தமிழர். பாலசுந்தரம் என்னும் ஒப்பந்தத் தொழிலாளி, கிழிந்த உடையோடு, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தியபடி அலுவலகத்துக்குள் வந்து நின்றார். அடித்தவர் அவருடைய ஐரோப்பிய முதலாளி. நடந்ததைக் கேட்டுச் சொன்னவர் அலுவலகத்தின் தமிழ்க் குமாஸ்தா. முதலில் மருத்துவரின் சான்று, அதன்பின் நீதிபதி. வழக்கறிஞர் நாடியது முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தருவதை அன்று. ஒப்பந்தத் தொழிலாளி வேலையை விட்டு விலகினாலே அது சிறைக்குரிய குற்றம் என்று அன்றைய சட்டம் சொன்னது. ஆகவே ஒப்பந்தத்தை வேறொரு முதலாளியின் பெயருக்கு மாற்றுவதே மீளும் வழி. அதைச் செய்துமுடித்தார். செய்தி தோட்டங்களில் பரவியது. தங்களுக்காகவும் பேச ஓர் ஆள் இருக்கிறார் என்று தமிழ்த் தொழிலாளர் அறிந்துகொண்டது இவ்வாறே. தலைப்பாகையை மீண்டும் கட்டிக்கொள்ளுமாறு அவர் பாலசுந்தரத்திடம் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதே அவர்தாம், நீதிமன்றப் பதிவின்போது தலைமை நீதிபதி கேட்டதற்கிணங்கத் தம் தலைப்பாகையைக் கழற்றியவர்.

1897-இல் நேட்டால் அரசு வணிகர் உரிமச் சட்டம் ஒன்றை இயற்றியது. சட்டத்தின் வாசகத்தில் இந்தியர் என்ற சொல்லே இல்லை. கணக்குகளை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், கடை சுகாதாரமாக இருக்க வேண்டும் என்பனவே வெளித்தோற்றமான விதிகள். நஞ்சு வேறோரிடத்தில் இருந்தது. உரிமம் தருவதும் மறுப்பதும் உரிம அதிகாரியின் விருப்பம். அவரை நியமிப்பது நகர மன்றம். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வேண்டியதும் அதே நகர மன்றத்திடம். அந்த மன்றத்தில் அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் போட்டிக் கடைக்காரர்களும் அவர்களின் வாக்காளர்களும். அதற்குமேல் நீதிமன்றத்துக்குப் போகும் வழி அடைக்கப்பட்டிருந்தது. உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஆகவே பல ஆண்டு நடந்த கடையும் சரக்கும் வாங்கிய கடனும் ஒவ்வொரு டிசம்பரிலும் ஓர் அதிகாரியின் பேனா முனையில் தொங்கின.

காந்தியடிகள் இந்தச் சட்டத்தோடு எவ்வாறு மல்லுக்கட்டினார் என்பதற்கு 1898-ஆம் ஆண்டின் சோம்நாத் மகராஜ் வழக்கு ஓர் எடுத்துக்காட்டு. உரிமம் மறுக்கப்பட்டது. ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை. பதிவேட்டின் நகல் கேட்டால் அதுவும் மறுப்பு. சட்டத்தின் நேர்மையைக் கேள்வி கேட்க இயலாதபோது, நடைமுறையின் நேர்மையைக் கேட்கலாம் அல்லவா? அந்தச் சிறு இடுக்கில் கைவிட்டு நகர மன்றத்தின் நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் இரத்துசெய்யுமாறு செய்தனர். மன்றம் மீண்டும் கூடி, இம்முறை முறைப்படி விசாரித்து, முறைப்படி மறுத்தது. நகர மன்றத்தின் முடிவுக்குமேல் முறையீடு கிடையாது என்பதை வேறொரு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சிலும் உறுதிப்படுத்திவிட்டது. 1898 டிசம்பர் 31 தேதியிட்டுக் குடியேற்ற நாட்டு அமைச்சர் சேம்பர்லேனுக்குச் சென்ற நீண்ட விண்ணப்பத்தில் இத்தகைய வழக்குகளின் விவரங்கள் அடுக்கப்பட்டுள்ளன. இன்று அதைப் படிப்பவர் ஒரு வழக்கறிஞரின் கைத்திறனைவிட அவருடைய பொறுமையையே வியப்பர்.

போயர் போருக்குப்பின் இந்தியா சென்று திரும்பியவர், 1903-இல் ஜோகன்னஸ்பர்க்கில் அலுவலகம் திறந்தார். லண்டனில் பாரிஸ்டர், நேட்டாலில் அட்வகேட், டிரான்ஸ்வாலில் அட்டர்னி. அவர் தேடிச் சென்றது பட்டத்தை அன்று. கட்சிக்காரரோடு நேராகப் பேசக்கூடிய தொழிலை. அறையைப் பிடித்துத் தந்தவர் லூயிஸ் ரிச். பின்னர் அவரே தொழில் பயில அங்குச் சேர்ந்தார். பத்திரிகை ஒன்றின் துணை ஆசிரியராக இருந்த ஹென்றி போலக்கும் அவ்வாறே சேர்ந்து, 1908-இல் அட்டர்னியானார். மகன்களைப் போல் வைத்துக்கொண்ட நான்கு இந்தியக் குமாஸ்தாக்கள் இருந்தனர். தட்டச்சு செய்ய, ஸ்காட்லாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய டிக் என்னும் இளம்பெண். அவர் திருமணமாகிச் சென்றபின் பதினேழு வயதில் வந்து சேர்ந்தவர் சோன்யா ஷ்லேசின். மாதம் பத்துப் பவுனுக்குமேல் வேண்டாம் என்றவர்; கூட்டித் தர முயன்றபோது முதலாளியையே கடிந்துகொண்டவர்.

டிரான்ஸ்வாலில் முதல் வேலை அனுமதிச் சீட்டு. போரின்போது வெளியேறிய இந்தியர் வீடு திரும்பவும் சீட்டு வேண்டும். அதைத் தரும் ஆசியத் துறையில், உரிமையுள்ளவர்கள் திருப்பி அனுப்பப்பட, உரிமையற்றவர்கள் 100 பவுன் கொடுத்து நுழைந்துகொண்டிருந்தனர். காந்தியடிகள் சாட்சியம் திரட்டிக் காவல் ஆணையரிடம் சென்றார். இரண்டு அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. வலுவான சாட்சியம் இருந்தும் ஜூரிகள் விடுவித்துவிட்டனர். என்றாலும் அரசு இருவரையும் வேலையிலிருந்து நீக்கியது. கதை அத்தோடு முடியவில்லை. பின்னாளில் அவர்களுக்கு ஜோகன்னஸ்பர்க் நகராட்சியில் வேலை கிடைக்கும் நிலை வந்தது. காந்தியடிகள் எதிர்க்காதிருந்தால் போதும். அவர் எதிர்க்கவில்லை. குற்றத்தோடுதான் பகை, குற்றவாளியோடு இல்லை என்பதைச் சொல்வது எளிது. தன் கட்சிக்காரர்களைக் கசக்கிப் பிழிந்த அதிகாரி மறுபடி ஓர் அரசு நாற்காலியில் அமர்வதைக் கண்டும் பேசாதிருப்பது எளிதன்று. அது சரிதானா என்று அவருடைய கட்சிக்காரர்களில் சிலரேனும் ஐயுற்றிருப்பர். அந்த ஐயத்திலும் நியாயம் உண்டு.

அலுவலகத்துக்கு உண்மையான வருவாய் தந்தது நகராட்சி இழப்பீட்டு வழக்குகள். ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியருக்கென ஒதுக்கிய குடியிருப்பில் அவர்கள் 99 ஆண்டுக் குத்தகையில் வாழ்ந்தனர். நகராட்சி அங்கே குப்பை அள்ளுவதையும் விளக்குப் போடுவதையும் கவனிக்கவில்லை. பின்னர் சுகாதாரக் கேடு என்று காரணம் காட்டி, அந்த இடத்தையே கையகப்படுத்தியது. இழப்பீட்டை ஏற்காதவர்கள் தனித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நகராட்சி சொன்னதைவிடத் தீர்ப்பாயம் கூடுதலாகத் தந்தால் செலவும் நகராட்சியைச் சேரும். குத்தகைதாரர்களிடம் காந்தியடிகள் வைத்த நிபந்தனை தெளிவானது. வென்றால் தீர்ப்பாயம் விதிக்கும் செலவுத்தொகை. வென்றாலும் தோற்றாலும் குத்தகை ஒன்றுக்குப் பத்துப் பவுன். அதில் பாதி ஏழைகளுக்கான மருத்துவமனை போன்ற பொதுப்பணிக்கு. ஏறத்தாழ 70 வழக்குகளில் ஒன்றே ஒன்றுதான் தோற்றது. அந்தப் பணத்தில் ஏறத்தாழ 1,600 பவுனை ‘இந்தியன் ஒப்பினியன்’ இதழ் விழுங்கிவிட்டதாக அவரே எழுதுகிறார். அவ்விதழ் தொடக்கத்தில் தமிழிலும் வெளிவந்தது.

இழப்பீடு முடிந்தும் மக்கள் இடம் மாறாதிருந்த நிலையில், 1904-இல் கொள்ளைநோய் வந்தது. பொன் சுரங்கத்திலிருந்து 23 பேர் நோயோடு குடியிருப்புக்கு வந்துசேர்ந்தனர். பூட்டிக் கிடந்த வீடொன்றின் பூட்டை உடைத்து அவர்களைக் கிடத்தினர். அன்றிரவு முழுதும் உடனிருந்து தொண்டு செய்தவர்களில் அந்த நான்கு குமாஸ்தாக்களும் இருந்தனர். வருவோரை வரவேற்று மனு எழுதும் பிள்ளைகள் அவர்கள். ரிச்சும் வர விரும்பினார்; குடும்பம் பெரிது என்பதால் காந்தியடிகள் அவரை அழைக்கவில்லை. குடியிருப்பைக் காலிசெய்து எரிக்க முடிவானபோது, மண்ணில் புதைத்துவைத்திருந்த வெள்ளியும் செம்பும் வெளியே வந்தன. வங்கியையே அறியாதவர்கள் அதைக் கொண்டுவந்து கொட்டியது ரிஸிக் தெரு அலுவலகத்தில். ஏறத்தாழ 60,000 பவுன். நோய்த்தொற்று அஞ்சி வங்கியினர் தொடத் தயங்கிய நாணயங்களைக் கிருமிநீக்கம் செய்வித்துக் கணக்கில் சேர்த்தார். இதற்குக் கட்டணம் பெறவில்லை. வழக்கறிஞரை அவர்கள் ‘பாய்’, அதாவது அண்ணன் என்று அழைத்ததன் பொருள் இப்போது விளங்கும்.

இத்தகைய நம்பிக்கை வாதத்திறமையால் மட்டும் விளைவதன்று. ஒரு வழக்கில் மத்தியஸ்தர்கள் கட்சிக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தனர். ஆனால் பற்றில் எழுத வேண்டிய ஒரு தொகையை வரவில் எழுதிவிட்டனர். எதிர்க்கட்சி அதைக் கண்டுபிடித்துத் தீர்ப்பையே தள்ளக் கேட்டது. பிழையை ஒப்புக்கொண்டால் வழக்கு முழுதும் கவிழும் என்றார் மூத்த வழக்கறிஞர். ஒப்புக்கொண்டால் தாம் வாதாடப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். கட்சிக்காரர் காந்தியடிகளின் பக்கம் நின்றார். காந்தியடிகளே எழுந்து பிழையைச் சொன்னபோது, இது கள்ளத்தனம் அல்லவா என்று நீதிபதிகள் முதலில் சினந்தனர். விளக்கம் கேட்டபின் கணக்கை மட்டும் திருத்தித் தீர்ப்பை நிலைநிறுத்தினர். இன்னொரு முறை, தம் கட்சிக்காரரே தம்மை ஏமாற்றிவிட்டார் என்பது குறுக்கு விசாரணையின் நடுவே தெரிந்தது. வழக்கைத் தள்ளிவிடுமாறு அவரே நீதிபதியைக் கேட்டுக்கொண்டார். வழக்காட வருபவர் இத்தகைய வழக்கறிஞரைத் தேடிப்போவாரா? தேடிப்போயினர் என்பதே வரலாறு. இவர் நிற்கும் வழக்கில் பொய் இருக்காது என்று நீதிபதி நம்பினால், அது கட்சிக்காரருக்குத்தானே ஆதாயம்!

மிக நெருங்கிய நண்பரின் வழக்கில் அவருக்கு ஏற்பட்ட சோதனை, இந்த அவையினர் உற்றுக் கேட்கத் தக்கது. பார்சி ருஸ்தம்ஜி டர்பனில் பெரிய வணிகர், பொதுப்பணிக்கு அள்ளிக்கொடுத்தவர். பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சரக்கு வரவழைத்து, இடையிடையே சுங்கத் தீர்வை செலுத்தாமல் கடத்தி வந்தார். அகப்பட்டதும் கண்ணீரோடு வந்து நின்றார். தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று விருத்தராஜ்யாதிக்கிரமம், அரசின் ஒழுங்கை மீறிப் பொருள் சேர்ப்பது. திருட்டுப் பொருளை வாங்குவதும் பொய் அளவைகளை வைத்திருப்பதும் எந்த வரிசையில் உள்ளனவோ, தீர்வை ஏய்ப்பும் அதே வரிசையில் உள்ளது. ருஸ்தம்ஜி சமணர் அல்லர்; ஆயினும் காந்தியடிகள் அவரிடம் கேட்டது அந்த விரதத்தின் மொழியில்தான். அகப்பட்ட சரக்கைப் பற்றி மட்டும் பேசாமல் அகப்படாததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்கம் சிறைக்குப் போவதில் இல்லை, செய்த குற்றத்தில் இருக்கிறது. சுங்க அதிகாரியிடமும் அரசு வழக்கறிஞரிடமும் எல்லாக் கணக்குகளும் திறந்து வைக்கப்பட்டன. கடத்தியதாக அவர் ஒப்புக்கொண்ட தொகையைப்போல் இருமடங்கு செலுத்தி வழக்கு தீர்ந்தது. நடந்ததை முழுதும் எழுதிச் சட்டமிட்டுத் தம் அலுவலகச் சுவரில் மாட்டிவைத்தார் ருஸ்தம்ஜி, தம் வாரிசுகளும் உடன் வணிகர்களும் காணும்படி.

சட்டத்தை இவ்வளவு மதித்த ஒருவர் சட்டத்தை மீறியது எப்படி என்ற கேள்வி இங்கே எழும். 1906 ஆகஸ்டில் டிரான்ஸ்வால் அரசு வெளியிட்ட வரைவுச் சட்டம் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆசியரும் பதிவு செய்துகொண்டு பத்து விரல் ரேகையும் தர வேண்டும் என்றது. காவலர் எங்கே கேட்டாலும் சான்றைக் காட்ட வேண்டும். இதற்கு மேல்முறையீடு செய்ய மன்றம் இல்லை. வழக்காடப் பொருளும் இல்லை. செப்டம்பர் 11-ஆம் நாள் எம்பயர் நாடக அரங்கில் கூடியவர்கள் பணிவதில்லை என்று உறுதி பூண்டனர். அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. ரிஸிக் தெரு அலுவலகமே போராட்டத்தின் தலைமையிடமாயிற்று. 1908 ஜனவரி 10-ஆம் நாள், தாம் பலமுறை வழக்காடிய அதே நீதிமன்றத்தில், குற்றவாளிக் கூண்டில் நின்றார் காந்தியடிகள். சற்றே கூச்சமாக இருந்தது என்று பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். தமக்கு உச்சத் தண்டனை வேண்டும் என்று கேட்டவருக்குக் கிடைத்தது இரண்டு மாத வெறுங்காவல்.

அதே ஆண்டு ஜூலையில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. பதிவுச் சான்று காட்டினால்தான் தெருவணிக உரிமம் என்று அரசு சொன்னபோது, பள்ளிவாசல் இமாம் அப்துல் காதர் பவாஸீர் போன்ற மதிப்பு வாய்ந்தவர்களும் கூடையில் காய்கனி ஏந்தி உரிமமின்றி விற்றுக் கைதாயினர். காந்தியடிகளின் மூத்த மகன் ஹரிலாலும் சிறை சென்றார். உரிமத்துக்காகப் பத்தாண்டு மனு எழுதிய வழக்கறிஞர், உரிமமில்லாமல் விற்றவர்களோடு நீதிமன்றத்தில் நின்று, தண்டனையைக் குறைக்க வேண்டாம் என்றார். சிறைக்குச் சென்றவர்களில் தமிழர் பலர். மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சென்றார்.

இதை மிகைப்படுத்திச் சொல்வதும் தவறு. மண்ணின் மக்களான ஆப்பிரிக்கர் மீது இதைவிடக் கடுமையான அனுமதிச் சீட்டுச் சட்டங்கள் இருந்தன. அவற்றை எதிர்ப்பது அந்த அலுவலகத்தின் பணியாக அப்போது இருக்கவில்லை. அது இந்தியர் உரிமைக்கான அலுவலகமாகவே இயங்கியது.

சிறையும் பயணமும் பெருகப் பெருகத் தொழில் சுருங்கியது. 1910-இல் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. வழக்குப் பணி லண்டனிலிருந்து பாரிஸ்டராகத் திரும்பிய ரிச்சின் கைக்குச் சென்றது. 1914-இல் ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்மேல் விதித்த மூன்று பவுன் தலைவரியும் நீங்கியது. ஜூலை மாதம் காந்தியடிகள் கப்பலேறினார்.

எஞ்சிய ஒரு வழக்கு அந்த அலுவலகத்தினுடையதே. தலைவர்கள் சிறையிலிருந்தபோது கடிதங்களையும் ஆயிரக்கணக்கான பவுன் கணக்குகளையும் இதழையும் ஒற்றை ஆளாகத் தாங்கியவர் சோன்யா ஷ்லேசின். 1909-இல் அவர் அட்டர்னி தொழில் பயில்வோராகப் பதிவுபெற விண்ணப்பித்தார். பெண் என்பதால் வழக்கறிஞர் சங்கம் மறுத்தது. நீதிமன்றத்துக்குச் சென்றார், நீதிமன்றமும் மறுத்தது. அவர் பின்னர் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்தார். தென்னாப்பிரிக்காவில் பெண்கள் வழக்கறிஞராகலாம் என்ற சட்டம் வந்தது 1923-இல்.